நீ விழுங்காத மாத்திரைகள்

என் பிரியத்துக்குரிய கலியபெருமாள் அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். அதனால் எங்கள் சேதியையே முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை எனக்குப் பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நான்கு. அண்ணிக்கு நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. வெறும் வயிற்றில் சர்க்கரை எனக்கு நூற்று இருபத்தொன்று. அண்ணி தன்னுடையதைச் சொல்ல மறுத்துவிட்டார். நேற்றுப் பெருமாள் கோயிலில் சர்க்கரைப் பொங்கலாம்.

ஆமாம், எனக்கும் பிரஷர் வந்துவிட்டது. சர்க்கரை ஆறு வருஷமாக இருக்கிறது, உனக்குத் தெரியும். நீ போன பிறகு இதுவும் சேர்ந்துகொண்டது. நம் அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வரவில்லை என்று நான் விளையாட்டாகச் சொல்வேனே, அப்பாவின் பிரஷர் எனக்கும் வந்துவிட்டதால் இனி அப்படிச் சொல்ல வழியில்லை.

அடுத்த வாரம் உனக்கு முதல் வருஷத் திதி. அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ என்னிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் பதிவேடு எழுதிய கை, நடந்ததை நடந்தபடிதான் எழுதும். பொறுமையாகக் கேள்.

போன வருஷம் புரட்டாசி, குறுவை அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்துவிட்டு நீ காவல் கிடந்தாய். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நெல்லில் ஈரம் இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். வெயில் வந்தால் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிடுவதும், தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூடுவதுமாக ஒன்பது நாள். உன்னைப் போல இருபது பேர், இருபது குவியல்.

பத்தாம் நாள் நான் கும்பகோணத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் பூதலூர் வந்து இறங்கி, உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். தயிர்சாதம், நார்த்தங்காய், மோர் மிளகாய். நீ குவியலின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டாய். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாய். அண்ணி தினமும் மடித்துக் கொடுக்கும் பொட்டலம். உள்ளே மூன்று மாத்திரை. சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று.

இரண்டை வாயில் போட்டுக்கொண்டாய். மூன்றாவதை மறுபடி காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தாய். நான் பார்த்துவிட்டேன்.

"என்னண்ணே, அது?"

"பிரஷர் மாத்திரை. அது வேண்டாம்."

"வேண்டாம்னா? யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அதைப் போட்டா மணிக்கு மூணு தரம் ஒண்ணுக்குப் போகச் சொல்லுது. இங்க மறைவு எங்க இருக்கு சொல்லு? குவியலை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? நான் அந்தாண்ட போன நேரம் பாத்து மழை வந்துச்சுன்னா தார்ப்பாய யாரு இழுக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. அந்த மாத்திரையில் பிரஷருக்கான மருந்தும் நீர் பிரிவதற்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. வெட்டவெளியில், சுற்றிலும் பெண்கள் நெல் தூற்றிக்கொண்டிருக்க, நீ எங்கே போவாய்? இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். நீயும் நெல் போட்டதும் மறுபடி ஆரம்பிச்சுடுவேன் என்றுதான் சொன்னாய்.

"உன் அண்ணி வசந்தாகிட்ட சொல்லிடாதே. அழுது ஊரைக் கூட்டிடுவா" என்றாய். நான் சொல்லமாட்டேன் என்றேன். பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்தேன்.

நெல் போட்டாயிற்று. ஆனால் நீ ஆரம்பிக்கவில்லை. அடுத்த முறை போனில் கேட்டபோது, "பத்து நாள் போடாம இருந்தேனே, என்ன ஆச்சு? தலைவலி உண்டா, மயக்கம் உண்டா? முன்னைவிட நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். சர்க்கரைக்கு நீ பயந்தாய் அண்ணே. அது நாக்கை வறட்டும், காலை மரத்துப்போக வைக்கும், வீட்டிலிருக்கும் மெஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். பிரஷர் உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததை நீ நம்பவில்லை. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் சுகாதார ஊழியர் மலர்க்கொடி வருகிற நாளெல்லாம் நீ வயலில் இருந்தாய். அது தற்செயல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போதாவது அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வாக்குக் கொடுத்தேன் என்பது ஒரு காரணம். உன்னோடு அவ்வளவு அந்நியோன்யம் எனக்குத்தான், அண்ணிக்குக்கூடத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று உள்ளூர ஒரு பெருமை இருந்ததே, அதுதான் பெரிய காரணம். இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு தப்பும் என்மேல் உண்டு. உனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து உனக்கு உப்பை ஊட்டினோம். கல்யாண வீட்டில் ஜாங்கிரி உன் இலையைத் தாண்டிப் போகும். பரிமாறுகிறவர் மனசு கேட்காமல் இரண்டு அப்பளத்தைக் கூட வைத்துவிட்டுப் போவார். இனிப்புதான் சாப்பிட முடியவில்லை, இதையாவது சாப்பிடட்டும் என்று நான் வருஷாவருஷம் நார்த்தங்காயும் வடகமும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொடுத்தேன். நீயும் சந்திரா கைப்பக்குவம் என்று பெருமையாகச் சாப்பிட்டாய். சர்க்கரைக்காரனுக்கு எதிரி சர்க்கரை மட்டும்தான் என்று நம் சனம் முடிவு கட்டிவிட்டது. உப்பின்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, மோட்டார் போட்டுக் குளித்துவிட்டு வந்தவன் வாசல்படியிலேயே சரிந்தாய். வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணிவிட்டது. ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அண்ணி வராந்தாவில் நின்றிருந்தார். டாக்டர் வெளியே வந்து கேட்டார்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"ஒரு நாள் தவறாம சார். நானே மடிச்சுக் கையில குடுப்பேன்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அண்ணியின் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றுகொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை அண்ணே. அப்போது சொல்லியிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருக்க முடியுமா? முடியாது என்றுதான் பிறகு கேட்டதற்கு டாக்டர் சொன்னார். இருந்தாலும் என்னை நானே கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ நாலாம் நாள் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து, வயலில் மோட்டார் கொட்டகையை ஒழுங்குபடுத்தப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒரு பழைய சுண்ணாம்பு டப்பா. திறந்தால் உள்ளே அத்தனை மாத்திரையும் இருந்தது. மருந்தைக் குப்பையில் வீசக்கூடாது என்று சேர்த்து வைத்திருந்தாய் போலிருக்கிறது. எனக்கு அங்கேயே ஓவென்று அழுகை வந்தது. டப்பாவை முந்தானையில் முடிந்து கும்பகோணத்துக்குக் கொண்டுவந்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அண்ணி கண்ணில் படக்கூடாது என்று வைத்தேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தேனா, தெரியவில்லை.

இத்தோடு போயிருந்தால் நான் சாகும்வரை வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

ஆவணியில் மலர்க்கொடி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, உங்க அண்ணிக்கு நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து. ரெண்டு மாசமாவே இப்படித்தான் இருக்கு. கேட்டா மாத்திரை போடுறேன்னு சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்லக்கா. சர்க்கரையும் இருக்கிற உடம்பு. நீங்க ஒரு நடை வந்து பாருங்க."

மறுநாளே போனேன். அண்ணி கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நேரே உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். மஞ்சள் பைக்குள் பிரஷர் மாத்திரை அட்டைகள், ஒன்றில்கூடக் கைவைக்காமல், மலர்க்கொடி கொடுத்தது கொடுத்தபடி. சர்க்கரை மாத்திரை அட்டை மட்டும் பாதி தீர்ந்திருந்தது. பையோடு கொல்லைக்கு வந்தேன்.

"என்ன அண்ணி இது?"

அண்ணி தலை நிமிராமல் சொன்னார். "சர்க்கரைக்குப் போட்டுக்கிறேன். அது வேண்டாம்."

அண்ணே, நீ நெல் குவியலுக்குப் பக்கத்தில் சொன்ன அதே வார்த்தை.

"ஏன் வேண்டாம்?"

"உங்க அண்ணன் ஒரு நாள் தவறாம சாப்பிட்டாரு. என்ன ஆச்சு? வேளா வேளைக்குச் சாப்பிட்டவரே போயிட்டாரு, நான் சாப்பிட்டு என்ன ஆகப்போகுது?" கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்த மாத்திரைதான் அவருக்கு ஒத்துக்காம போச்சோ என்னமோ. இந்தக் கையாலதான் சந்திரா தினம் குடுத்தேன். இதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்ன தோணும் தெரியுமா?"

தான் கொடுத்த மருந்துதான் உன்னைக் கொன்றது என்று ஒன்பது மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் உன் மகன் வாராவாரம் போனில் பேசுகிறான், அவனிடமும் சொல்லவில்லை. நம் குடும்பத்தில் எல்லோரும் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம்.

அன்றைக்கு நான் பையை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன்னோடு சண்டை போட்டேன். சொன்னால் உன் பேர் கெடும். அண்ணி மனசில் நீ ஒழுங்காக மருந்து சாப்பிட்ட, பெண்டாட்டி பேச்சைக் கேட்ட புருஷன். நானும் அதோடு கெட்டவள் ஆவேன். சொல்லாவிட்டால்? உன் வாசல்படியில் நடந்தது அதே வாசல்படியில் இன்னொரு காலை நடக்கும். நீதான் சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அடுத்த நாள் காலை டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் போனேன். அண்ணி முன்னால் வைத்தேன். கொள்முதல் நிலையத்தில் நடந்தது, நீ போனில் சொன்னது, நான் வாக்குக் கொடுத்தது, மோட்டார் கொட்டகையில் கிடைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அண்ணி டப்பாவை முறத்தில் கவிழ்த்தார். சில மாத்திரைகள் சுண்ணாம்பு ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிப் பார்த்தார். அழவில்லை. நான் அழுகையைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

"ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் கேட்டப்ப, நீ என் பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா அண்ணி."

"இத்தனை நாள் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கே."

"ஆமா."

எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். இலை போட்டார். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், கீரை. எதிரில் உட்காரவில்லை. கேட்காமலே ரசம் ஊற்றினார். நான் கிளம்பும்போது கதவுப் பக்கம்கூட வரவில்லை.

பத்தொன்பது நாள் பேசவில்லை அண்ணே. போன் அடித்தால் எடுக்கமாட்டார். மலர்க்கொடியிடம்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். "மாத்திரை போடுறாங்களான்னு தெரியலக்கா, ஆனா பிரஷர் இறங்கியிருக்கு" என்றாள். எனக்கு அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

இருபதாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன். வீடியோ கால். அண்ணி முகம் திரையில் பாதிதான் தெரிந்தது, நெற்றியும் ஒரு கண்ணும்.

"உன் பிரஷர் மாத்திரை எங்க?"

"உள்ள இருக்கு அண்ணி."

"எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். "போடு" என்றார். போட்டேன். "தண்ணி குடி." குடித்தேன். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

"அண்ணி!"

"அண்ணனும் தங்கையும் ஒரே ரகம். ஒளிக்கிறது உங்க ரத்தத்திலேயே இருக்கு. இனிமே நான் யாரையும் நம்பறதா இல்ல. தூக்கு நாக்கை."

தூக்கிக் காட்டினேன். பிறகு அவர் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, கேட்காமலே வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினம் ஏழு மணிக்கு இதுதான் நடக்கிறது. என் வீட்டுக்காரர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது ஏழு ஆனதும் போனைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்.

இருவருமாகத் தஞ்சாவூர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். "சர்க்கரை ரத்தக் குழாயோட கரையை இளக்கி வெச்சிருக்கும்மா. பிரஷர்ங்கிறது அதுல முழுத் தண்ணி. மூளை, இதயம், சிறுநீரகம், கண்ணு, எந்த இடத்துல உடைப்பு எடுக்கும்னு சொல்ல முடியாது" என்றார். அண்ணி விவசாயி வீட்டுப் பெண், ஒரு தடவையில் புரிந்துகொண்டார். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு நூற்று முப்பதுக்கு எண்பதுக்குள் வேண்டுமாம். இன்னும் நாங்கள் அங்கே போய்ச் சேரவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அது பரவாயில்லை.

புறப்படும் நேரத்தில் அண்ணி நாற்காலியை விட்டு எழாமல் கேட்டார். "சார், இந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது. வயல் வேலை இருக்கிற நாள்ல கஷ்டமா இருக்கு. என்ன பண்றது?"

டாக்டர் சீட்டை வாங்கி, ஒரு மாத்திரையை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதினார். "இதுல அந்தத் தொந்தரவு இருக்காது. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, என்னைக் கேளுங்க" என்றார்.

அவ்வளவுதான் அண்ணே. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அழுதார். நானும் அழுதேன். சுற்றி இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். தப்பாக நினைக்கவில்லை.

உன் மகன் பிரஷர் பார்க்கும் மெஷின் இரண்டு அனுப்பியிருக்கிறான், ஆளுக்கு ஒன்று. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அரை மணி முன்னால் காபி கூடாது. அந்த அரை மணிதான் அண்ணிக்கு மிகப் பெரிய தவம். நான் இந்த வருஷம் நார்த்தங்காய் போடவில்லை. அப்பளத்துக்குப் பதிலாக ஒரு துண்டு வெள்ளரி. சப்பென்றுதான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். நாக்கு பழகிக்கொண்டு வருகிறது.

அண்ணி உன்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்கிறாயா? தெரியவில்லை. உன் படத்துக்குப் பூப் போடுகிறார். போடும்போது ஏதோ முணுமுணுக்கிறார், அது மந்திரம் மாதிரி இல்லை.

என்னை மன்னித்தாரா என்பது போன வாரம்தான் தெரிந்தது. சுவாமிமலைக்குப் போயிருந்தேன். படியேறிக் கும்பிட்டு, கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஏழு மணி அழைப்பை விட்டுவிட்டேன். மாத்திரையையும் மறந்துவிட்டேன். போனைப் பார்த்தால் அண்ணியிடமிருந்து பதினொரு அழைப்பு. பயந்துகொண்டே வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"எங்க போய்த் தொலைஞ்சே? விழுந்துட்டேன்னு நெனச்சேன். உன் வீட்டுக்காரரும் போனை எடுக்கல. பக்கத்து வீட்டு நம்பர்கூட என்கிட்ட இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டேன் தெரியுமா? உங்க அண்ணன் மாதிரி நீயும் போயிட்டா, எனக்கு யாரு இருக்கா சந்திரா?"

கோயில் வாசலில் நின்று, அத்தனை பேர் பார்க்க, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். மாத்திரை பையிலேயே இருந்தது, தண்ணீரும் இருந்தது. முதலில் போட்டுக்கொண்டேன், பிறகுதான் காட்டினேன். ஏமாற்றவில்லை.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். வாக்கைக் காப்பாற்றி உன்னைப் பறிகொடுத்தேன், இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்யமாட்டேன். அதற்குப் பதில் இப்போது வேறொன்று கொடுக்கிறேன். அண்ணியை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை அண்ணி பார்த்துக்கொள்வார். நாளைக் காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் வாயைத் திறந்து காட்டுவோம். மறுநாளும் காட்டுவோம். அங்கே உனக்குத் துணைக்கு நாங்கள் வர இன்னும் வெகுகாலம் ஆகும் அண்ணே, காத்திரு.

அண்ணியிடம் எதையும் ஒளிக்காத,
உன் உடன்பிறந்தவள்
சந்திரா